பனிக்குள் கிடந்த அபோர்ட்

பிப்ரவரி 9
சரிவில் நின்ற கடைசி அபோர்ட் ஆப்பிள் மரத்தையும் இன்று சாய்த்துவிட்டார்கள். பணக்காரர்களுக்கு வில்லா வருகிறதாம். அல்மாட்டியின் பெருமை என்று விளம்பரப் பலகையில் அதே அபோர்ட்டைத்தான் வரைந்திருக்கிறார்கள். வெட்கமே கிடையாதா?

போன வாரமே ஒட்டுப்போட அதிலிருந்து இருபது குச்சிகள் வெட்டிவிட்டேன். ஈரச் சாக்கில் சுற்றி வீட்டு நிலவறையில் இருக்கின்றன.

பிப்ரவரி 20
அம்மா நிலவறையிலிருந்து ஒரு அபோர்ட் எடுத்துவந்தாள். நாலு பேருக்கு ஒரு பழம் போதும். முதலில் புளிப்பு, பிறகு இனிப்பு, கடைசியில் ஒயின் வாசம். ரஷ்யக் குடியேறிகள் வண்டியில் கொண்டுவந்த கன்று. எங்கள் மலையின் காட்டு ஆப்பிளில் ஒட்டிய பிறகுதான் இந்த அளவும் ருசியும். நாங்கள் நர்சரியில் குட்டை ரகத்தில் ஒட்டி விற்பது வெறும் தண்ணீர்.

மார்ச் 14
நர்சரியில் கூட வேலை செய்யும் லூபாவிடம் குச்சிகளைப் பற்றிச் சொன்னேன்.

"ஆப்பிள் இருக்கிற நிலவறையிலயா வெச்சே? பழம் விடுற வாயுல மொட்டு செத்துடும்டி! நீயெல்லாம் நர்சரிக்காரி!"

தெரியும். தெரிந்தும் — எங்கள் வீட்டில் எல்லாமே நிலவறைக்குத்தான் போகும். கை தானாகப் போய்விட்டது.

மார்ச் 15
பத்து மொட்டுகளைப் பிளந்தேன். பத்தும் உள்ளே பழுப்பு. மரமும் இல்லை. என்னடி பண்ணித் தொலைச்சே?

மார்ச் 16
சாய்த்த மரத்தின் கிளைகள் வில்லா வேலிக்குள் பனியில் புதைந்து கிடக்கின்றன. பனியில் உயிர் தங்கியிருக்கலாம். போனேன். காவலுக்கு செய்த்காலி அண்ணன். அங்கே தோட்டம் இருந்தபோதும் அவர்தான் காவல்.

"சின்னதுல பழம் திருட வந்தே. இப்ப விறகு திருட வர்றியா?"

"குச்சி மட்டும்ண்ணே."

"கேமரா அந்தப் பக்கம் பாக்குது. இப்படி ஏறு. காய்ச்சா எனக்கு ஒண்ணு."

"பத்து வருஷம் ஆகும்ண்ணே."

"அதுக்குள்ள என்னையும் வெட்டிச் சாய்ச்சிடுவானுங்க."

பனியைத் தோண்டி ஒரு கிளையின் மொட்டைப் பிளந்தேன். பச்சை.

ஏப்ரல் 5
கொல்லையில் பன்னிரண்டு காட்டு ஆப்பிள் கன்றுகளில் ஒட்டுக் கட்டினேன்.

ஏப்ரல் 28
துளிர்! — இல்லை. கட்டுக்குக் கீழே. காட்டுத் துளிர். கிள்ளி எறிந்தேன்.

மே 6
இன்றும் ஒன்றுமில்லை.

மே 11
செய்த்காலி அண்ணனை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். இந்தப் பக்கமும் ஒரு கேமரா இருந்திருக்கிறது. இப்போதுதான் எவனோ பார்த்தானாம். மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"அதை விடு. முளைச்சுதா?"

கொல்லைக்குக் கூட்டிவந்தேன். மூன்று கன்றுகளில், கட்டுக்கு மேலே, இன்று காலை வந்த துளிர். குனிந்து வெகுநேரம் பார்த்தார். தொடவில்லை.

அவர் போனபின் ஒரு கன்றில் அவர் பெயர் எழுதிய சீட்டைக் கட்டினேன்.