புளி போட்டு மினுக்கிய ட்ரம்பெற்

இது யாருடைய கையில் அகப்பட்டாலும், தயவுசெய்து ஒருவருக்கும் காட்டாதேங்கோ. முக்கியமாக என்ரை பெரியப்பாவுக்கு.

என்ரை ஆசை அப்பா,

நாளைக்கு உங்களுடைய அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள். விடியக் கீரிமலைக்குப் போய்க் கிரியை முடித்துவந்தால் செத்தவீட்டுத் துடக்குக் கழிந்துவிடும். பின்னேரம் அச்சுவேலியிலிருந்து ஒரு பாண்ட் வாத்தியக்காரர் உங்களுடைய ட்ரம்பெற்றை வாங்க வருகிறார். பெரியப்பாதான் போனில் பேசி ஒழுங்கு செய்தார்.

"அது அப்பா எனக்குத் தந்தது" என்று அவரிடம் சொன்னேன்.

"ஆர் கேட்டது? சாட்சி இருக்கோ?" என்றார். "கொப்பன் கொழும்பு ஹோட்டலிலை வெள்ளைக்காரருக்கு ஊதியும் பாடியும் எங்கடை மானத்தை வித்தது காணும். காசு குடுத்து ஊதுவிக்கிற ஆக்களடி நாங்கள், ஊதுற ஆக்கள் இல்லை. செத்தவன்ரை எச்சிலை வாயிலை வைக்கப் போறியோ?"

அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. அடுத்த பாதியை எடுத்தா.

எனக்கு அவரில் மட்டும் கோபமில்லை. உங்களிலும்தான். ஆஸ்பத்திரியில் அத்தனை பேர் கட்டிலைச் சுற்றி நின்றபோது சொல்லாமல், அது எனக்கெண்டு ஏன் என்ரை காதுக்குள் மட்டும் சொன்னீங்கள்?

ஜாஸில் தாங்களே பாடித் தாங்களே வாசிக்கிறவர்களைத்தான் உங்களுக்குப் பிடிக்கும். போனில் தேடித் தேடிக் காட்டுவீங்கள். "பியானோக்காரருக்குச் சுகம், வாயும் கையும் ஒண்டா ஓடும். எங்களுக்கு ஒரு வாய்தான், பிள்ளை. அரை வரி பாடு, மிச்சத்தை ஊது." பாட்டிலிருந்து குழலுக்கு மாறுகிற அந்த இடத்தில் எனக்கு எப்பவும் மூச்சுத் தடக்கும். இப்போதுதான் தடக்காமல் வரத் தொடங்கியது.

இன்று பெரியம்மா என்ன செய்தா தெரியுமா? அந்தியேட்டிக்காகக் குத்துவிளக்கும் செம்பும் மினுக்கினா. அவற்றோடு ட்ரம்பெற்றையும் புளித்தண்ணீரில் ஊறப்போட்டு, சாம்பலால் தேய்த்து, வெயிலில் கவிழ்த்துவிட்டா. "பார், கோயில் சாமான் மாதிரி வந்திட்டுது. எச்சிலும் போயிட்டுது" என்று சிரிப்பு வேறு. வால்வு மூன்றும் இறுகிப்போய்விட்டன. அமத்தினால் எழும்பவில்லை.

பெரியப்பா என்னைத்தான் பிடித்தார். "நீதானே பெரிய ஊதுகாரி. விடியிறதுக்குள்ளை உந்தக் குழலைச் சரிப்பண்ணி வை. அந்த மனுசன் வேண்டாமெண்டு போனாரோ, உனக்குப் பள்ளிக்கூடமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை."

உங்களுடைய எண்ணெய்ப் போத்தலை எடுத்து, சொட்டுச் சொட்டாக விட்டு, வால்வுகளை ஒவ்வொன்றாக இளக்கி எடுத்தேன். ஆனால் திருப்பிப் பூட்டவில்லை, அப்பா. மூன்றையும் துடைத்து, மாதவிடாய்க்கு நான் வைத்திருக்கிற பைக்கற்றுக்குள் ஒளித்துவிட்டேன். எச்சிலுக்கே அருவருக்கிற மனுசன் அதில் கைவைப்பாரோ?

நாளைக்கு அடி விழும். பள்ளிக்கூடத்தை நிப்பாட்டினால் என்ன செய்வேன்? தெரியாது. ஆனால் வால்வு இல்லாத குழலை யார் வாங்குவான்?

அந்தப் பாண்ட்காரர் வந்து நிற்கும்போது, சொந்தக்காரர் எல்லாருக்கும் கேட்க, நீங்கள் சொல்லாமல் போனதை நான் சொல்லுவேன், அது என்ரை என்று. சொல்லிவிட்டு வால்வுகளைப் பூட்டி, அவர்களுக்கு முன்னாலேயே அரை வரி பாடுவேன். மிச்சத்தை

கதவைத் தட்டுகிற சத்தம். பெரியப்பா.

"என்னடி இன்னும் வெளிச்சம்? குழலைக் கொண்டு வா பாப்பம்."

உங்கடை மக