தங்கம் அவர்களின் விரலைப் பிடித்து அழுத்திய வாக்கு

அனுப்புநர்:
ச. உமாமகேஸ்வரி,
தொலைபேசி ஆபரேட்டர் (பணி ஓய்வு),
முனிர்கா, புது தில்லி.

பெறுநர்:
மாற்றுத்திறனாளி வாக்காளர் வசதிக்கான பொறுப்பு அலுவலர்,
தில்லி.

பொருள்: பிரெய்ல் தாள் இருந்தும் பார்வையற்ற பெண்ணுக்குத் தர மறுத்தது – விசாரணை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

மனக்குறையை எனக்கு என் மொழியில்தான் எழுத வருகிறது. இந்தி மொழிபெயர்ப்பை இணைத்துள்ளேன்.

1. நான் பிறவியிலேயே பார்வையற்றவள். டிசம்பரில் தங்கள் அலுவலகத்தார் என்னைப் படமெடுத்துச் சுவரொட்டி போட்டார்கள். 'யார் துணையும் இன்றி, ரகசியமாக வாக்களிப்பேன்' என்று என் பெயரில் அச்சிட்டார்கள். நானும் நம்பினேன்.

2. எங்கள் பகுதியில் வீட்டு வேலை செய்துவந்த தங்கம் அவர்களுக்குச் சர்க்கரை நோயால் பார்வை போய் எட்டு ஆண்டுகள் ஆகின்றன. அதன்பின் அவருடைய வாக்கை மகனே தன் விருப்பப்படி அழுத்திவந்தார். இம்முறை மகனை விட்டுவிட்டு வரச் சொன்னவள் நான். காலண்டர் அட்டையில் ஊசியால் குத்தி, வாக்கு இயந்திரப் பொத்தான்களின் அருகில் இருக்கும் பிரெய்ல் எண்களை ஒரு வாரம் பழக்கினேன்.

3. வாக்குச்சாவடியில், வேட்பாளர்களின் பெயரையும் வரிசை எண்ணையும் தடவிப் படிப்பதற்கான பிரெய்ல் தாள் வரவில்லை என்றார் அலுவலர். "ஜல்தி, ஜல்தி" என்று விரட்டி, எந்தச் சின்னம் என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டு, தங்கம் அவர்களின் விரலைப் பிடித்துத் தானே அழுத்தினார். வரிசையில் சிலர் சிரித்தார்கள்.

4. தாள் வரும்வரை நகரமாட்டேன் என்று நான் நின்றுவிட்டேன். அப்போது ஓர் ஊழியர் சுவரொட்டியில் பார்த்த முகத்தை அடையாளம் கண்டு, "அரே, போஸ்டர்வாலி மேடம்!" என்றார். உடனே மேசைக்கு அடியிலிருந்து பெட்டி இழுக்கப்பட்டது. உறை கிழியும் ஓசை கேட்டது. வராத தாள் என் கையில் வைக்கப்பட்டது. வெட்கத்தோடு எழுதுகிறேன்: நான் வாக்களித்தேன்.

5. வெளியே தங்கம் அவர்கள் சொன்னது: "நாலாவது பட்டனத் தடவிக்கிட்டே இருந்தேம்மா, வெரல மேல இழுத்துட்டாரு. யாருக்கு விழுந்துச்சோ! மகன் அமுக்குனா வீட்டுக்கு வந்து திட்டவாச்சும் திட்டுவேன். இவர என்ன பண்றது?" அன்று முதல் அவர் என் வீட்டுப் பக்கம் வருவதில்லை.

ஐயா, என்னைக் காட்டி அவரை ஏமாற்றிவிட்டீர்கள். அந்த அலுவலர்மீது விசாரணை நடத்த வேண்டும். சுவரொட்டியில் தங்களுக்காகப் பேசும் பொறுப்பிலிருந்து நான் இன்றே விலகுகிறேன். நடந்தது தவறு என்று தங்கள் அலுவலர் ஒருவர் தங்கம் அவர்களிடம் நேரில் வந்து சொல்ல வேண்டும். நான் சொன்னால் அவர் இனி நம்பமாட்டார்.

இடம்: புது தில்லி
நாள்: 12.02.2025

மனக்கசப்புடன்,
ச. உமாமகேஸ்வரி
(நானே தட்டச்சு செய்து கையொப்பமிட்டது)