இருபத்து நான்கு அடி

தஞ்சோங் காராங்
வியாழன் மாலை

அன்பு மகள் தனேஸ்வரிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிரில் நீயும் அப்படியே இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். உடம்பைப் பற்றித்தான் சொன்னேன், மனம் நன்றாக இல்லை. இதைப் போனில் சொல்ல முடியாது, நீ கூப்பிட்டால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார், என் வாட்சாப்பையும் எனக்கு முன்னால் அவர்தான் படிக்கிறார். அதனால் தபாலில் எழுதுகிறேன். இது நியூசிலாந்து வந்து சேரப் பத்து நாளாகும், அதற்குள் சனிக்கிழமை கடந்துவிடும், உன்னால் எதையும் தடுக்க முடியாது. ஆனாலும் எழுதுகிறேன். உன்னிடம் சொல்லிவிட்ட பிறகு அவரிடம் சொல்லாமல் இருக்க எனக்கு வழியிருக்காது, அதற்காகத்தான்.

அப்பாவின் ரேடியோவுக்காக நீ கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு அனுப்பிய ஆன்டெனாவை நாளை மறுநாள் நிறுத்தப்போகிறார்கள். நாற்பதடி இரும்புக் குழாய் வந்து பின்வாசலில் கிடக்கிறது. அப்பாவுடைய ரேடியோ நண்பர் பவனேஷ் உலு யாமிலிருந்து மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறார், அப்பாவோடு சேர்த்து ஐந்து பேரும் கயிறு கட்டிக் கையால் நிமிர்த்துவதாகத் திட்டம். குழிகூடத் தோண்டியாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை துணி காயப் போட்டிருந்தேன், வெள்ளைப் போர்வையில் மைனா எச்சம். கொடிக்கு மேலே மரமே இல்லையே என்று நிமிர்ந்து பார்த்தேன், மைனா மின்கம்பியில் உட்கார்ந்திருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கால்வாய்ச் சாலையை அகலப்படுத்தியபோது மின்கம்பங்களை நம் பக்கமாக நகர்த்தி நட்டார்கள், நீ போன பிறகு நடந்தது அது. மின்கம்பி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று நீ மார்ச் மாதம் கேட்டாயே, அன்று நல்ல மழை, வெளியே போகச் சோம்பல், வீட்டுப் பத்திரத்தோடு இருந்த பழைய வரைபடத்தைப் பார்த்து அறுபதடி என்று எழுதி அனுப்பிவிட்டேன். குழியிலிருந்து மின்கம்பிக்கு நேர் கீழே இருக்கும் துணிக்கொடி வரைக்கும் நேற்று காலடி வைத்து எண்ணினேன், இருபத்தைந்து அடிகூடத் தேறாது. கம்பம் விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரம் வேண்டும் என்று நீதான் எழுதியிருந்தாய். உன் கணக்கில் ஒரு பிழையும் இல்லை, நான் கொடுத்த எண்தான் பொய்.

ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்பாய். எஸ்டேட்டை விற்று, ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வேலை போனதிலிருந்து அப்பா எப்படி இருந்தார் என்று நீ பார்த்ததில்லை, சோறு வேண்டும், வேண்டாம், அவ்வளவுதான் பேச்சு. வீட்டிலிருந்தே வெளிநாட்டோடு பேச லைசென்ஸ் தரும் ரேடியோ பரீட்சை எழுதித் தேறிய பிறகுதான் மனுஷனுக்கு வாய் திறந்தது. உன் பிறந்த நாளன்று நடுவில் எந்தப் போன் கம்பெனியும் இல்லாமல் சொந்த ஆன்டெனாவில் உன்னைக் கூப்பிட வேண்டும் என்று நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். புதன்கிழமை மெதுவாக, இவ்வளவு உயரம் தேவையா என்று கேட்டுப் பார்த்தேன். "நம்ம மவ கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துட்டா லா, நீ என்னத்தக் கண்ட?" என்றார். அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். அளக்காமல் விடை எழுதும் பிள்ளைகளுக்கு இருபது வருடமாகச் சிவப்புக் கோடு போடுகிறவள் நான், அதைச் சொல்ல வெட்கப்பட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

இன்று அவர் கடைக்குப் போன நேரத்தில் நீ அனுப்பிய கோப்பைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். ஒவ்வொரு கம்பியும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வரிசையாக எண்கள், அது எனக்குப் புரிகிற பாஷைதான். உயரத்தை இருபதடியாகக் குறைத்துப் பார்த்தேன், அலை போகும் படம் மேல்நோக்கிப் பூரியாய் உப்பிக்கொண்டது. அதை வைத்து ஈப்போவரைக்கும் பேசலாம், உன்னை எட்டாது. பிறகு கம்பியைப் படுக்க வைக்காமல் செங்குத்தாக, பதினாறரை அடிக்கு நிறுத்தினேன், அடியில் நான்கு கம்பிகளைத் தரையோடு விரித்தேன், தரை என்ற இடத்தில் ஈரமான நல்ல மண்ணைப் போட்டேன். படம் உளுந்து வடைபோலத் தட்டையாகித் தொடுவானத்துப் பக்கம் சாய்ந்தது. வீட்டுக்குப் பின்னால் அறுப்பு முடிந்த வயலில் அடுத்த மாதம் தண்ணீர் கட்டிவிடுவார்கள், ஈர மண்ணுக்குப் பஞ்சமில்லை. செகிஞ்சான் படகுத்துறையில் விற்கும் நீள மூங்கில் ஒன்று போதும், விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாது. நான் செய்தது சரியா என்று நீதான் பார்க்க வேண்டும். சரியோ தப்போ, முதலில் அவரிடம் சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை. வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கிறது, சிமெண்டு மூட்டையோடு வந்துவிட்டார்.

வெள்ளி மாலை

சொல்லிவிட்டேன். நேற்று அவர் மூட்டையை இறக்கும்போதே, அறுபதடி என்றது நான் அளந்ததில்லை என்றேன். மூட்டையைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார். அப்புறம் டேப்பை எடுத்து வந்து ஒரு முனையை என் கையில் கொடுத்தார். மூன்று தடவை அளந்தோம், மூன்று தடவையும் இருபத்து நான்கு. குழியைப் பார்த்துக்கொண்டே, "அஞ்சு பேரும் அந்த இரும்பத்தான் புடிச்சிருப்போம்டி" என்றார். டேப்பைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டார். இரவு சாப்பிடவில்லை. இந்த மனுஷன் மறுபடியும் வாயை மூடிக்கொண்டால் அது என்னால்தான் என்று நினைத்துக் கிடந்தேன். காலையில் எழுந்து பார்த்தால் மண்வெட்டியோடு குழியை மூடிக்கொண்டிருக்கிறார். பவனேஷைக் கூப்பிட்டு, "வராதீங்க தம்பி, நம்ம கணக்கு ஒதைக்குது" என்றார். நம்ம கணக்கு என்றுதான் சொன்னார், என் பெயரை எடுக்கவில்லை. போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "கணக்கு டீச்சராம், வீட்டுக்குப் பின்னாடி டேப்பு புடிக்கத் தெரியல" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. என் வடைப் படத்தைக் காட்டினேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ஆனால் ஒன்று சொல்லிவிட்டார், "இத மவகிட்ட சொல்லாத, அவ போட்டதுதான் தப்புன்னு கெடந்து தவிப்பா." இரண்டு பக்கம் ஏற்கனவே எழுதிவிட்டேன் என்று நான் சொல்லவில்லை.

இன்று பகல் முழுக்க வீடு, கொடி, வரப்பு, மின்கம்பம் எல்லாவற்றையும் புதிதாக அளந்து ஒரு தாளில் எழுதி, மகளுக்குத் தபாலில் அனுப்பு என்று என்னிடம் கொடுத்தார், மூங்கில் ஆன்டெனாவுக்கு நீ மறுபடி கணக்குப் போட வேண்டுமாம். இருபத்து நான்கைப் பார்த்ததுமே உனக்குப் புரிந்துவிடும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. எஸ்டேட் ஆபீஸ் வழக்கம் போகவில்லை அவருக்கு, தாளின் அடியில் கோடு கிழித்து எழுதியிருக்கிறார்: அளந்தவர் குகன், டேப் பிடித்தவர் திலகா. இனி எந்த எண்ணும் எங்கள் இரண்டு பேர் பெயரும் இல்லாமல் உனக்கு வராது.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, இது உன் கைக்கு வருமுன்பே திட்டம் மாறிவிட்டது என்று அவர் ஸ்பீக்கரில் சொல்லியிருப்பார், இனி அந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் அப்படியா அப்பா என்று ஆச்சரியமாகக் கேள். நீ பல்லாண்டு சுகமாக இருக்க எங்கள் இருவரின் ஆசியும் உண்டு.

உன் பிறந்த நாளுக்கு மூங்கிலடியில் காத்திருக்கும்
அம்மா, திலகா