இடுப்பு வலி என்று யார் சொன்னது?

முசஃபா
ஜூலை 6

அன்பான பூவாயிக்கு, கார்மேகம் எழுதுவது. நான் சுகம். நீயும் நம்ம பொண்ணு ஹர்ஷினியும் சுகமாக இருக்கணும்.

சிரிக்காதே. என் போன் கக்கூஸ் குழியில் விழுந்துவிட்டது. உட்கார்ந்தபடி உன் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே ஒருத்தனிடமும் காரணம் சொல்லவில்லை. அடுத்தவன் போனில் பேசலாம்தான், ஆனால் போனோடு அவன் காதும் கூடவே வருமே. அதனால் நாலாங்கிளாஸ் கையெழுத்தில் எழுதி, மளிகைக்கடை காதர் மைதீன் பாயிடம் கொடுக்கிறேன். ஊருக்குப் போகிற ஆள் யாராவது கொண்டுவருவார்கள்.

வெயில் காலத்தில் பன்னிரண்டரையிலிருந்து மூணு வரை வெளிவேலை கூடாது என்பது இந்த அரபு நாட்டுச் சட்டம். எனக்கு விசா எடுத்துக் கொடுத்த நம்ம போர்மேன் மணிகண்டன், வெளியே தெரியாதபடி வலை கட்டி மறைத்துவிட்டு, "யல்லா, சீக்கிரம் கம்பியைக் கட்டுங்க" என்கிறான். அப்படித்தான் ஒரு நேபாளத்துக்காரன் சுருண்டு விழுந்தான். ரூமில் இருக்கிற எல்லாரும் வேலை செய்யாமல் உட்கார்ந்துவிடுவது என்று பேசினோம். உன்னிடம்கூடப் போனில் சொன்னேனே. மறுநாளே எங்களை ஆளுக்கொரு பக்கம் பிரித்துப் போட்டுவிட்டான்!

யாரோ போட்டுக் கொடுக்கிறான். எனக்கு மேல்கட்டிலில் படுக்கிற அன்பரசன்மேல்தான் சந்தேகம். அவனுக்கு மட்டும் ஸ்டோரில் ஏசிக்குள் வேலை எப்படிக் கிடைத்தது? அவன் சமைத்தால் நான் சாப்பிடுவதில்லை.

14ஆம் தேதி மதியம் பொய்யாக இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காரப் போகிறேன். இது உனக்கும் எனக்கும் மட்டும்.

உன் கார்மேகம்

---

கீழப்பட்டி
ஜூலை 10

மாமாவுக்குப் பூவாயி எழுதுவது.

போட்டோ பார்க்கிற இடமா அது? முதலில் அது என் போட்டோதானா?

ஹர்ஷினி நர்சிங் முடிக்க இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. விசாவைக் கேன்சல் பண்ணி உங்களை அனுப்பிவிட்டால் அவள் படிப்பு பாதியில் நிற்கும். மணிகண்டன் தம்பி சொல்கிறபடி கேளுங்கள். அன்பரசனைச் சந்தேகப்படாதீர்கள், அவர் அப்படிப்பட்டவர் இல்லை.

நம்ம கிரைண்டர் ஓடவில்லை. மணிகண்டன் தம்பி சம்சாரம் ராதிகா வீட்டில்தான் மாவாட்டுகிறேன்.

பூவாயி

---

முசஃபா
ஜூலை 15

பூவாயிக்கு,

நேற்று நான் இடுப்பில் கை வைக்கும் முன்பே மணிகண்டன் வந்துவிட்டான். "கார்மேகண்ணே, இடுப்பு வலியாமே? இந்தாங்க" என்று ஒரு மருந்து டியூபை நீட்டிச் சிரித்தான்.

இடுப்பு வலி என்று இங்கே எவனிடமும் நான் சொல்லவில்லை. அன்பரசன் முகத்தையே நான் பார்ப்பதில்லை. பூவாயி, ராதிகா வீட்டில் மாவை மட்டும்தான் ஆட்டினாயா?

டியூபை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். "வலி கிலி ஒண்ணும் இல்ல தம்பி. இந்த வெயில்ல வேலை செய்ய மாட்டேன்" என்று நிழலில் உட்கார்ந்தேன். "எந்திரிக்கலேன்னா கேன்சல்தான்" என்றான். "கலாஸ், முடிச்சுக்கோ" என்றேன். பயந்துகொண்டேதான் சொன்னேன், உன்னிடம் என்ன மறைப்பு.

அப்போது ஸ்டோர் கதவு திறந்தது. அன்பரசன் ஏசியை விட்டு வெளியே வந்தான். "தள்ளி உக்காருங்கண்ணே, நிழல் உங்களுக்கு மட்டுமா?" என்று பக்கத்தில் உட்கார்ந்தான். அப்புறம் ஒவ்வொருத்தனாக எல்லாரும் வந்தார்கள். மூணு மணி வரை எவனும் எழுந்திருக்கவில்லை.

கேன்சலா இல்லையா, தெரியவில்லை.

கார்மேகம்

---

கீழப்பட்டி
ஜூலை 20

மாமாவுக்கு,

நான்தான் சொன்னேன். போன தடவையும் நான்தான். காட்டிக் கொடுக்கணும் என்று இல்லை. "எங்க வீட்டுக்காரர் ஏடாகூடமா ஏதாவது செஞ்சிருவாரு, தம்பியப் பாத்துக்கச் சொல்லு ராதிகா" என்றுதான் அழுதேன்.

அந்த நேபாளத்துக்காரர் எழுந்தாரா? நீங்கள் எழுதவே இல்லையே.

திட்டியாவது எழுதுங்கள். கிரைண்டரை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டேன்.

பூவாயி

---

முசஃபா
ஜூலை 26

பூவாயிக்கு,

அந்த ஆள் எழுந்துவிட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து ரூமுக்கு வந்துவிட்டான். எனக்குக் கேன்சல் வரவில்லை. மதிய வேலை நின்றுபோய், விடியும் முன்பே வண்டி வருகிறது. மணிகண்டன் என்னோடு பேசுவதில்லை.

அன்பரசனுக்கு மூச்சிழுப்பாம், அதனால்தான் ஸ்டோர் வேலை. மன்னிப்புக் கேட்டேன். "போட்டுக் குடுத்தது யாருண்ணே?" என்றான். "தெரியலப்பா" என்றேன். உன் பெயர் என் வாயில் வரவில்லை.

புதுப் போன் வாங்கிவிட்டேன். தினமும் கூப்பிடுவேன். ஹர்ஷினி படிப்பு, உன் முட்டிவலி, ஊர்க்கதை எல்லாம் பேசலாம். சைட்டில் நடப்பதை மட்டும் இனிமேல் என்னிடம் கேட்காதே.

கார்மேகம்

பி.கு.: இன்று காலை இருட்டில் பேஸ்ட் என்று நினைத்து அந்த இடுப்பு வலி மருந்தில் பல் விளக்கினேன். நுரை வரவில்லை.