கட்டிலுக்குக் கீழே ஒரு சாய டப்பா

தஹுனான், ஜெப்பாரா
வியாழக்கிழமை

என் அன்பு மகள் ஸும்ரோத்துனுக்கு, அம்மா முஸ்லிக்கா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் தைவானில் அந்தக் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். தினமும்தான் போனில் முகத்தைப் பார்த்துப் பேசுகிறோமே, அம்மாவுக்கு எதற்கு இப்போது பேனாவும் பேப்பரும் என்று நினைப்பாய். போனை எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், பாதிப் பேச்சில் என் கையிலிருந்து பிடுங்கியும் விடுகிறார். பக்கத்து வீட்டு லைலி லீவு முடிந்து சனிக்கிழமை அங்கே திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவள் பிரித்துப் பார்க்கிறவள் இல்லை, ஆனாலும் ஒட்டித்தான் கொடுப்பேன்.

உன் அண்ணன் அனாஸின் மனைவிக்கு இது ஐந்தாம் மாதம், வாந்தி நின்று இப்போது பசி பிடித்துக்கொண்டது, நேற்று ஒரு சட்டி புளி மீன் குழம்பை அவளே காலி செய்துவிட்டு யார் தின்றது என்று என்னையே கேட்கிறாள். மழை விட்டபாடில்லை, பட்டறைக் கூரையில் இரண்டு ஓடு நகர்ந்து ஒழுகுகிறது. இதோ அப்பா பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்து, ஸும்ரோவுக்குத்தானே எழுதுற, அங்க மஞ்சக் கலர்ல நல்ல உப்புத்தாள் கிடைக்குதாம், வரும்போது பத்துத் தாள் வாங்கிட்டு வரச் சொல்லு என்கிறார். எழுதிவிட்டேன், வாங்கிக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில், ஒரு டப்பாவுக்காகவா ரெண்டு பேரும் இப்படிச் சண்டை போடுறீங்க என்று கேட்டுச் சிரித்தாயே, அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். அனாஸ் கடையிலிருந்து வாங்கி வந்த டப்பாவில் சாயமும், அதன் மேல் பூசி மூடுகிற சீலரும் ஒன்றாகவே கலந்திருக்கிறது, ஒரே தடவை துணியால் தேய்த்தால் வேலை முடிந்தது. அப்பா டப்பா மேலே எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, இது மரத்துக்குப் போடுற மருந்தா சோம்பேறிக்குப் போடுற மருந்தாடா என்று அவனைப் பிடி பிடி என்று பிடித்துவிட்டார். அனாஸும் சும்மா இருக்கிறானா, ஊரே இதுக்கு மாறிடுச்சு, நீங்க ஒரு நாற்காலிக்கு ஒரு வாரம் தடவிக்கிட்டே இருங்க என்றான். நான் அனாஸ் பக்கம் பேசினேன். உனக்கு அதுதான் ஆச்சரியம். முப்பது வருஷமாக இந்தப் பட்டறையில் உப்புத்தாள் தேய்த்து ரேகை அழிந்த கை இது. தேய்த்து, ஓட்டை விரிசலில் பட்டி அடைத்து, மறுபடி தேய்த்து, சாயம் போட்டு, ஒரு நாள் காயவிட்டு, சீலர் அடித்து, மெல்லிசாகத் தேய்த்து, இன்னொரு சீலர் அடிக்கிற வேலையில் ஒரு படியைத் தாண்டினாலும் யாரையும் விடாமல் திட்டுகிறவள் நான்தான். அப்படிப்பட்டவள் ஏன் மாறினேன் என்று கேட்டாய். அப்பா அப்போது பக்கத்தில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார், நான் என்ன சொல்லட்டும்.

ஸும்ரோ, அந்த டப்பாவை வாங்கி வரச் சொன்னதே நான்தான். அனாஸிடம் அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்று சொல்லித்தான் வாங்கச் சொன்னேன், காரணத்தை அவனுக்கும் சொல்லவில்லை. உனக்கு மட்டும் சொல்கிறேன்.

உனக்குப் பாடம் நடத்திய ஹிதாயா டீச்சர் தன் மாமனார் காலத்துத் தேக்கு மேசையையும் ஆறு நாற்காலியையும் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறார். அடுத்த மாதம் மகளுக்கு நிச்சயம், மாப்பிள்ளை வீட்டாரை அந்த மேசையில் உட்கார வைத்துச் சோறு போட வேண்டுமாம். அப்பா பழைய பாலிஷை எல்லாம் எடுத்து, தேய்த்து, ஒரு திங்கட்கிழமை இளம் பழுப்புச் சாயம் போட்டார். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. செவ்வாய்க்கிழமை நான் சந்தையிலிருந்து வருகிறேன், மறுபடி சாயம் போட்டுக்கொண்டிருக்கிறார். டீச்சர் கொஞ்சம் அடர்த்தியாகக் கேட்டிருப்பார் என்று நினைத்தேன். புதன்கிழமையும் அதே துணி, அதே சாயம். மேசை காப்பிக் கசடு மாதிரி ஆகிவிட்டது. என்னங்க, மூணாவது தடவையா போடுறீங்க என்றேன். நான் இன்னும் போடவே இல்லையே, யாரு போட்டது, அனாஸ்தானே, என் வேலையைக் கெடுக்கறதே அவனுக்கு வேலையாப் போச்சு என்று கத்தினார். விளையாட்டுக்குச் சொல்லவில்லையடி, அவர் முகத்தைப் பார்த்தேன். அதற்கு இரண்டு நாள் கழித்து ஒரு நாற்காலிக்கு முதலில் சீலர் அடித்துவிட்டு அதன் மேல் சாயம் போட்டிருக்கிறார். சாயம் எப்படி இறங்கும்? படர்தாமரை வந்த மாதிரி திட்டுத்திட்டாக நின்றது. அதன் முன்னால் உட்கார்ந்து, ஏன் பிடிக்க மாட்டேங்குது, ஏன் பிடிக்க மாட்டேங்குது என்று தனக்குள் பேசிக்கொண்டிருந்தார். மரத்தைத் தொட்டே ஈரம் சொல்கிற மனுஷன். சாயம் பழசுங்க, கடைக்காரன் ஏமாத்திட்டான் என்று பொய் சொன்னேன். நாற்காலிகளுக்கு அடியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டால் சாயம் முடிந்தது, இரண்டு கோடு போட்டால் சீலர் முடிந்தது என்று அடையாளம் வைத்தேன். அதையும் பார்த்துவிட்டார், எனக்கு என்ன ஒண்ணாங்கிளாஸ் பாடமா நடத்துற என்று ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டார். அப்புறம்தான் டப்பா. ஒரே வேலை என்றால் எது முன், எது பின் என்ற குழப்பம் இல்லையே என்று நினைத்தேன். அது நல்ல சரக்கு இல்லை என்று எனக்கும் தெரியும். ஒரு கீறல் விழுந்தால் கலரும் சேர்ந்து உரியும், இரண்டு தடவை போட்டால் பிசுபிசுவென்று நிற்கும், நாளைக்கு ஒரு இடத்தை மட்டும் சரி செய்யவும் முடியாது. தெரிந்துகொண்டே அவர் முகத்துக்கு நேரே அதைப் புகழ்ந்து பேசினேன், முப்பது வருஷத்தில் முதல் தடவையாக என்னை முட்டாள் என்று சொன்னார்.

இந்தத் திங்கட்கிழமை டீச்சர் வந்தார். கறுத்துப்போன மேசையைப் பார்த்துவிட்டு, ஐயா, இது எங்க மேசையா என்று கேட்டார். அப்பா நிதானமாக, இல்லம்மா, உங்க மேசையை நீங்க இன்னும் கொண்டுவரவே இல்லையே என்றார். அனாஸ் கேலி என்று நினைத்துச் சிரித்தான், நானும் சேர்ந்து சிரித்தேன், டீச்சரும் சிரித்தார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை, எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். அந்தப் பார்வையை நினைத்தால் இப்போதும் அழுகை வருகிறது. டீச்சரை வாசல் வரை கொண்டுபோய் விட்டு, பத்து நாளில் பழைய மாதிரி ஆக்கித் தருகிறேன் என்று கையைப் பிடித்துச் சொல்லி அனுப்பினேன். மேசையை மறுபடி வெறும் மரமாக்க உட்கார்ந்தேன். அப்பா தானாக வந்து எதிர்ப்பக்கம் உட்கார்ந்து தேய்த்தார். இரண்டு நாள் தேய்த்தோம். அவர் தேய்த்த பக்கம் ஒரு கீறல் இல்லை தெரியுமா, என் பக்கத்தை விட வழவழவென்று இருக்கிறது. கை எதையும் மறக்கவில்லை ஸும்ரோ, நேற்று என்ன செய்தோம் என்பதுதான் தங்க மாட்டேன் என்கிறது. சாயங்காலம் தூசியைத் தட்டிக்கொண்டே, என்னைக் கேக்காம அந்த டப்பாவைத் திறக்க மாட்டியே என்று கேட்டார். திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

நீ அங்கே பார்த்துக்கொள்கிற லின் தாத்தா முதன்முதலில் மறந்தது எதை? டீயில் உப்புப் போட்டார், குளியலறையில் போய்க் குடை தேடினார் என்று சொல்வாய், நாம் இரண்டு பேரும் போனில் சிரிப்போம், அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும். அது எங்கே ஆரம்பித்தது, எத்தனை மாதத்தில் எது போனது, மருந்தில் நிற்குமா என்று ஒளிக்காமல் எழுது. போனில் சொல்லாதே. என் முழங்காலைக் காட்ட வேண்டும், துணைக்கு வாருங்கள் என்று சொல்லி அடுத்த வாரம் அவரைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன், அங்கே என்ன கேட்க வேண்டும் என்றும் சொல்லு. இதோ அப்பா வந்து நிற்கிறார், கடிதத்தைப் பொத்திக்கொண்டேன். அங்கே மஞ்சள் உப்புத்தாள் கிடைக்கிறதாம், பத்துத் தாள் வாங்கி வரச் சொல்லு என்கிறார். சரிங்க என்றேன்.

நான் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். பழைய முறையிலேயே செய்யட்டும். காலையில் அன்றைக்கு வேண்டிய புட்டியை மட்டும் பட்டறையில் வைப்பேன், மற்றதெல்லாம் அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கும். சாயம் போட வேண்டிய நாளில் கண்ணுக்கெட்டிய தூரத்தில் சீலர் இருக்காது, சீலர் நாளில் சாயம் இருக்காது. இன்று காலை சாயத்தை வைத்தேன், தேடாமல், கேட்காமல் எடுத்துப் போட்டார், முடித்ததும் புட்டியை எடுத்து மறைத்துவிட்டேன். பாட்டுக்கூட முணுமுணுத்தார். இது எத்தனை நாள் ஓடும் என்று தெரியாது. அந்த ஒரே டப்பாவையும் ஒரு துணியையும் அவர் கையில் கொடுக்க வேண்டிய நாள் வந்தாலும் வரலாம் என்று டப்பாவைக் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறேன், மூடி இன்னும் திறக்கவில்லை. உன்னை வா என்று கூப்பிட மாட்டேன், ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. ஆனால் என்றைக்காவது போனில், பேச்சோடு பேச்சாக, டப்பாவைத் திறந்துவிட்டேன் என்று நான் சொன்னால் என்ன ஏது என்று கேட்காதே, கிளம்பி வந்துவிடு. உன் பெயர் அவருக்கு ஞாபகம் இருக்கும்போதே நீ வர வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே. இதை ஒட்டப் போகும்போது மூன்றாவது தடவையும் வந்து சொல்லிவிட்டுப் போகிறார், மறக்காமல் வாங்கி வா: மஞ்சள் உப்புத்தாள், பத்துத் தாள். கொண்டுவந்து கொடுக்கும்போது அப்பா ஒரு தடவைதான் சொன்னதாக இருக்கட்டும். அல்லாஹ் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருப்பானாக.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா முஸ்லிக்கா