மெத்தைகளுக்கு ஒரு பிரசங்கம்

வில்லாபுரம், மதுரை
ஜூலை 8, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளை ஜூடுக்கு,

லாசர் அத்தான் எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையில் நானும் உன் அக்காளும் இங்கே சுகம். நீயும் ஜெஸியும் சுகம் என்று ஷேர் ஆட்டோ ஓட்டுகிற கண்ணுச்சாமி சொன்னான். விளாங்குடி மீன் கடையில் உன்னைப் பார்த்தானாம். கொஞ்சம் இளைத்திருக்கிறாயாம். போனில் பேசியிருக்கலாமே என்று நினைப்பாய். பதினாலு மாதமாக என் நம்பரை நீ எடுப்பதில்லை. உன் அக்காள் போனிலிருந்து கூப்பிட்டால் எடுப்பாய், ஆனால் அது ஏமாற்று வேலை. முப்பத்திநாலு வருடம் பள்ளிக்கூட ஆபீசில் கடிதம் எழுதியே சோறு தின்றவன் நான். அதனால் கடிதம்.

விஷயம் நம் ஆலயத்து ஒலிபெருக்கி. அதைச் சொன்னால் இந்த வரியோடு மடித்து வைத்துவிடுவாய் என்று உன் அக்காள் சொல்கிறாள். மடிக்காதே. கவருக்குள் கனமாக ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பாய். அதற்கு விளக்கம் கடைசியில் இருக்கிறது.

நீ இருபத்திரண்டு வருடம் பார்த்துக்கொண்ட பழைய ஆம்ப்ளிஃபையரை எடுத்துவிட்டுப் புதிதாக வைப்பது என்று போன வருடம் மே மாதம் கமிட்டி முடிவு செய்தது உனக்குத் தெரியும். அதே கூட்டத்தில் நடந்த இன்னொன்றும் உனக்குத் தெரியும், அதைப் பிறகு சொல்கிறேன். வெளியூர்க் கம்பெனிக்காரர்கள் வந்து அளந்துவிட்டு ஆறு லட்சத்து எண்பதாயிரம் என்றார்கள். பணம் சேர எட்டு மாதம் ஆனது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய் நாலாயிரத்துக்குப் போனது. எடுத்தவர் அதை அங்கேயே மறந்துவிட்டுப் போய்விட்டார்.

ஜனவரியில் பெட்டிகள் வந்து இறங்கின. பீடத்துக்கு இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்குக் கறுப்பு ஸ்பீக்கர்கள் தொங்கின. மிக்ஸரை, வலது பக்கம் ஆறாவது பெஞ்சை ஒட்டி உன் பழைய மர அலமாரி இருந்த இடத்தில், ஒரு இரும்பு அலமாரி செய்து அதற்குள் வைத்தார்கள். மிக்ஸரில் பட்டன்களே நூறுக்கு மேல் இருக்கும். நம் ஆட்கள் இரண்டு பேருக்கு ஒரே நாள் பாடம் நடத்திவிட்டுச் சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

முதல் ஞாயிறே உறுமல். போதகர் இம்மானுவேல் வாயைத் திறக்குமுன்பே ஸ்பீக்கர் எருமை மாதிரி உறுமியது. எர்த் சரியில்லை என்றார்கள். காம்பவுண்டு ஓரத்தில் எட்டடிக் குழி தோண்டி, உப்பும் கரியும் கொட்டி, புது எர்த் போட்டதில் முப்பத்தெட்டாயிரம் போனது. உறுமல் நின்றதும் விசில் ஆரம்பித்தது. அதை அடக்குவதற்குள் ஒரு நாள் கரண்டு ஏறி இறங்கி உள்ளே ஏதோ கருகியது. அதற்கு ஒரு ஸ்டெபிலைசர் வாங்கினோம். நான் ரசீதுகளை ஃபைலில் போட்டுக்கொண்டே இருந்தேன். ஃபைல் தடித்தது.

இவ்வளவும் சரிசெய்த பிறகுதான் நோய் என்னவென்று தெரிந்தது. சத்தம் கேட்கிறது, பேசுவது புரியவில்லை. ஒரு வார்த்தை பின்சுவரில் முட்டித் திரும்பி வருவதற்குள் அடுத்த வார்த்தை கிளம்பிவிடுகிறது. இரண்டும் நடுப் பெஞ்சில் மோதிக்கொள்கின்றன. பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம் எந்தக் கிழமை என்று அறிவிப்பு வாசித்தேன். பாதிப் பேர் ஒரு நாளும் மீதிப் பேர் மறுநாளும் வந்தார்கள். இரண்டு நாளும் தலைவி வரவில்லை.

கம்பெனிக்காரர்களிடம் கேட்டால் உங்கள் கட்டிடம்தான் கோளாறு என்கிறார்கள். உயரக் கூரை, வழவழப்பான கல் தரை, கண்ணாடி ஜன்னல். சுவர் முழுக்கப் பஞ்சுப் பலகை அடித்தால் எதிரொலி போய்விடும், இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ஆகும் என்று தாள் அனுப்பினார்கள். வேறு வழியில்லை என்று நானும் தீர்மானம் எழுதி வைத்துவிட்டேன்.

அப்போதுதான் சிவபாண்டி வந்தான். அவனியாபுரத்துப் பையன் என்று சொல்ல முடியாது, நாற்பது வயது இருக்கும். ஜல்லிக்கட்டு மேடைக்கும் கோயில் திருவிழாவுக்கும் மைக் செட் கட்டுகிறவன். எர்த் போட்ட எலெக்ட்ரீஷியன் கூட்டிவந்தார். கமிட்டியில் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். போதகர்தான் வரட்டும் என்றார்.

அவன் எந்த மெஷினையும் தொடவில்லை. நடுவில் நின்று ஒரு தடவை கையைத் தட்டினான். சத்தம் அடங்கும்வரை விரல் விட்டு எண்ணினான். பிறகு என்னிடம், ஞாயித்துக்கிழமை எம்புட்டுப் பேருண்ணே வாராக என்று கேட்டான். முன்னூறு என்றேன். பொய்தான். ஆலயத்துக்குள் நின்றுகொண்டு, பீடத்துக்கு முன்னாலேயே சொன்னேன். அவன் அடுத்த ஞாயிறு செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசியில் வந்து நின்றான். ஆராதனை முடிந்ததும், நூத்திப் பன்னெண்டு அண்ணே, கைப்பிள்ளையையும் சேத்து என்றான்.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “மெஷின்ல ஒரு கொறையும் இல்லண்ணே. ஆளுதான் கொறச்சல். மனுச ஒடம்பு சத்தத்தைக் குடிக்கும். கோயில் மண்டபத்துல காலையில காலியா இருக்கும்போது வச்ச சத்தத்தை சாயங்காலம் கூட்டத்துல வைக்க மாட்டேன். ஆளு நெறைஞ்சா கட்டடம் தானா அடங்கிரும்.” இதற்கு முன்னால் மைக் பார்த்தவர் யார் என்று கேட்டான். ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிப் போய் உன் பழைய ஆம்ப்ளிஃபையரைக் காட்டினேன். தூசியைத் துடைத்துப் பார்த்தான். சத்தம் கூட்டும் திருகுக்குப் பக்கத்தில் நகப்பூச்சால் மூன்று புள்ளி இருந்தது. காலி ஆலயத்துக்கு ஒன்று, பாதிக்கு ஒன்று, நிறைந்த ஆலயத்துக்கு ஒன்று. ஜெஸியின் நகப்பூச்சை ஏதோ குழந்தை எடுத்து விளையாடியிருக்கிறது என்றுதான் நான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். சிவபாண்டி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, இவரு வெவரமான ஆளுண்ணே, எங்க இப்ப என்றான்.

விளாங்குடியில் என்றேன்.

இப்போது அந்த மே மாதக் கூட்டத்துக்கு வருகிறேன். ஆராதனையில் முதல் பாட்டுக்கு நீ மைக்கைத் தொடவே மாட்டாய். இரண்டாம் பாட்டில்தான் மெதுவாகத் திறப்பாய். அதை அலட்சியம் என்று நான் குறிப்பெழுதி, பதினைந்து பேர் முன்னால் வாசித்தேன். அலமாரிச் சாவி இனிச் செயலாளரான என்னிடம்தான் இருக்கும் என்றும் வாசித்தேன். நீ சாவியைக் கழற்ற ஆரம்பித்தாய். உன் சாவிக்கொத்தின் வளையம் பிரிய மாட்டேன் என்றது. நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தாய். நான் கையை நீட்டியபடியே நின்றேன். உதவி செய்திருக்கலாம், அல்லது கையைக் கீழே போட்டிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. அடுத்த ஞாயிறு நீ வரவில்லை. உன் ஆட்களும் ஜெஸி பக்கத்து ஆட்களுமாக நாற்பது குடும்பம் உன்னோடு விளாங்குடி வாடகை மண்டபத்துக்குப் போய்விட்டது.

பிந்தி வருகிறவர்கள் எல்லாம் வந்து உட்காரட்டும் என்றுதான் நீ இரண்டாம் பாட்டுவரை காத்திருந்திருக்கிறாய். அது எனக்கு இப்போதுதான் புரிகிறது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாய். நான் கேட்கவில்லை. தப்பு என்னுடையது, ஜூடு. இந்த வரியை மூன்று தாளில் எழுதிக் கிழித்துவிட்டு நாலாவதில் விட்டிருக்கிறேன்.

சிவபாண்டி சொன்னதைக் கமிட்டி நம்பவில்லை. நிரூபித்துக் காட்டுகிறேன் என்று போன வியாழக்கிழமை பந்தல் கடையிலிருந்து நூற்றறுபது மெத்தை எடுத்து வந்தான். கல்யாண மண்டபத்தில் போடுகிற மெத்தைதான். ஒவ்வொன்றையும் சுருட்டிக் கட்டி, போன குடும்பங்கள் உட்கார்ந்த பெஞ்சுகளில் ஆள் கணக்குக்கு நிறுத்தினான். போதகர் பிரசங்க மேடையில் ஏறி, மெத்தைகளைப் பார்த்து, அன்பான சபையாரே என்று ஆரம்பித்தார். கமிட்டிக்காரர்கள் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கேட்டது. நான் கடைசிப் பெஞ்சில் இருந்தேன், அவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.

எல்லோருக்கும் டீ கொண்டுவந்த உன் அக்காள் கேனை இறக்கி வைத்துவிட்டுச் சுற்றிப் பார்த்தாள். ஆறாவது பெஞ்சில் உன் இடத்தில் ஒரு மெத்தை, ஜெஸி இடத்தில் ஒரு மெத்தை. அந்தப் பெஞ்சின் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். பிரசங்கம் முடிந்தும் எழுந்திருக்கவில்லை. பந்தல் கடை ஆட்கள் வந்து அந்த இரண்டையும் தூக்கும்வரை இருந்தாள். வீட்டுக்கு வந்தபின், நல்லாக் கேட்டுச்சா ஆனி என்றேன். கேட்டுச்சு, மெத்தைக்கு ஆமென் சொல்லத்தான் தெரியல என்றாள். அன்று இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

பஞ்சுப் பலகைத் தீர்மானம் இந்த மாதம் 20ஆம் தேதிக் கமிட்டிக்கு வருகிறது. அதில் என் கையெழுத்து வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், அதுதான் சிக்கல். காலிப் பெஞ்சுக்குத் தோதாக ஆலயம் மாறிவிடும். பிறகு நீங்கள் வராவிட்டாலும் நன்றாகத்தான் கேட்கும். நீங்கள் இல்லை என்று அந்தச் சுவராவது இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறது. அதன் வாயை அடைக்க எனக்குக் கை வரவில்லை.

அதற்கு முந்தின நாள், 19ஆம் தேதி சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு, சிவபாண்டி ஆட்களை உட்கார வைத்துச் சோதிக்க வேண்டும் என்கிறான். அது ஆராதனை இல்லை. காணிக்கைப் பை வராது. யாரும் யாரிடமும் பேச வேண்டியதில்லை. பாடகர் குழு இரண்டு பாட்டுப் பாடும், அவ்வளவுதான். உங்கள் நாற்பது குடும்பமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதும். விளாங்குடியிலிருந்து வேன் ஏற்பாடு செய்கிறேன். என்னைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் அந்த நேரம் நான் வீட்டில் இருந்துகொள்கிறேன். ஒரு ஆள் குறைந்தால் சத்தத்தில் பெரிய வித்தியாசம் வராது என்று சிவபாண்டியிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.

கவரில் இருப்பது புது அலமாரியின் சாவி. கம்பெனிக்காரர்கள் இரண்டு கொடுத்தார்கள், செயலாளருக்கு ஒன்று, மைக் பார்ப்பவருக்கு ஒன்று. இரண்டையும் உனக்கு அனுப்பியிருக்கிறேன். எடை கூடுதல் என்று தபாலாபீசில் இன்னும் ஸ்டாம்பு ஒட்டச் சொல்வார்கள், ஒட்டிவிடுகிறேன். வருகிற ஞாயிறு எங்களால் அலமாரியைத் திறக்க முடியாது. போதகரிடம் சொல்லிவிட்டேன். தொண்டைக்கு அதிமதுரம் வாங்கிக்கொள்கிறேன் என்றார். கமிட்டியிடம் இன்னும் சொல்லவில்லை.

ஜெஸியை உன் அக்காள் விசாரித்தாள். நீ இளைத்ததற்குச் சர்க்கரையா என்று பார்த்துக்கொள், தள்ளிப்போடாதே. விளாங்குடியிலிருந்து வில்லாபுரம்வரை உன் வழி முழுக்க ஆண்டவர் உன்னோடு கூட வரட்டும்.

சனிக்கிழமை முதல் பாட்டுக்கு மைக் வேண்டாம். இரண்டாம் பாட்டுவரை காத்திருப்போம்.

இப்படிக்கு,
உன் அத்தான்
லாசர்