சாதிக்காய்ச் சேலையில் பதினோரு எறும்புகள்

என் அருமை ருஷ்தா,

முதலில் நல்ல செய்தி. நம் துணி வடிவமைப்பு மிஸ்ஸை அழ வைத்துவிட்டேன். கல்லூரிக் கண்காட்சியில், அத்தனை பெற்றோர் பார்த்திருக்க. என் வயிறு குளிர்ந்துவிட்டது. இதைப் பாவம் என்று நினைப்பவர்கள் கடிதத்தை இத்தோடு மூடி வைக்கலாம். நீ மட்டும் கடைசிவரை கேள்.

டெங்குக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் ஏழு மாதமாகிறது. ஏ.எல். உயர்தரத் துணி வடிவமைப்பு வகுப்பில் இப்போது நாங்கள் ஆறு பேர்தான். உன் கதிரையில் வேறு யாரும் உட்காராமலிருக்க என் பையை வைத்திருக்கிறேன்.

நீ போன மறுவாரமே வகுப்பு அலுமாரியிலிருந்த உன் வரைபுத்தகத்தை மிஸ் எடுத்தார். "அவ உம்மாகிட்ட நானே குடுத்துர்றேன்" என்றார். எவ்வளவு நல்ல மனசு என்று உருகினேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்!

இரண்டு மாதத்துக்கு முன்னால் பேராதனை வீதியில் பஸ்ஸில் போகும்போது மிஸ் நடத்தும் சேலைக் கடையின் கண்ணாடிக்குள் ஒரு சேலையைப் பார்த்தேன். பிளந்த சாதிக்காய், அதைச் சுற்றிச் சிவந்த சாதிபத்திரி, நடுநடுவே எறும்பு வரிசை. பஸ்ஸிலிருந்து குதிக்காத குறை. இறங்கி ஓடிவந்து பார்த்தால், அட்டையில் வடிவமைத்தவர் என்று மிஸ்ஸின் பெயர்.

அந்த எறும்புகள் எப்படி வந்தன என்று உனக்கும் எனக்கும்தானே தெரியும்? அடிமட்டத்தைத் தொலைத்துவிட்டு நாம் சாணால் அளந்து அச்சுக் குத்திய நாள். ஒரு பாதி நீ, மறுபாதி நான். உன் சாண் பெரிது, என்னுடையது சின்னது. முடிவில் இரண்டு பாதியும் சேராமல் நடுவில் இரண்டு விரல் வெள்ளை விழுந்துவிட்டது.

"இது கையாடி, கோழிக் காலா?" என்று கத்தினாய். அதற்குள் பிளேன்டீக்கு வைத்திருந்த கருப்பட்டியை மொய்த்த எறும்புகள் துணியிலும் ஏறின. பார்த்துச் சிரித்தாய், தூரிகையை எடுத்தாய். அந்த வெள்ளையில் ஒன்பது எறும்பு நீ வரைந்தாய், எல்லாம் மேலே ஏறின. மிச்சம் இரண்டை மேசையைச் சுற்றிவரச் சோம்பி எதிர்ப்பக்கமிருந்தே நான் வரைந்தேன், அவை கீழே இறங்கின. "மூணு மாசம் மூத்தவ செல்றேன், ராத்தாண்டு கூப்புடு, திருத்தித் தாறேன்" என்றாய். "போடி" என்றேன். ஒருநாளும் உன்னை அக்கா என்றோ ராத்தா என்றோ கூப்பிடவில்லை.

அந்தச் சேலையிலும் ஒன்பது ஏறின, இரண்டு இறங்கின. அன்றைக்கே கடைக்குள் போய்க் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. கத்தினால் கதவைச் சாத்திவிடுவார்கள். கண்காட்சிக்கு அந்தச் சேலை கட்டாயம் வரும் என்று காத்திருந்தேன்.

அலவத்துகொடையில் உன் வீட்டுக்குப் போனேன். வரைபுத்தகம் உன் உம்மா கைக்குப் போகவே இல்லை. நம் அச்சுத் துணியைத்தான் தையல் மெஷினுக்குப் போர்த்தியிருந்தார். பின்பக்கம் திருப்பினேன். நீ எழுதிய தாள் தைத்தபடியே இருந்தது! நம் வகுப்பு வழக்கம்தானே, ஒவ்வொரு மாதிரித் துணிக்கும் பின்னால் என்ன பிழை, எப்படித் திருத்தினாய் என்று எழுதித் தைத்து, மிஸ்ஸிடம் கையெழுத்து வாங்குவது.

உம்மா தாளைத் தடவித் தடவிப் பார்த்தார். "இது என்ட புள்ளைட எழுத்து. உட்டுடுங்க மகள், அல்லா பாத்துக்கொள்ளுவான்."

"அல்லா பாக்கட்டும் உம்மா. அதுக்கு முன்னாடி ஊரும் ஒரு தடவ பாக்கட்டும்."

உம்மா துணியை மடித்துப் பையில் வைத்தார். "எத்தின மணிக்கு வரோணும்?" என்று கேட்டார்.

கண்காட்சியன்று மிஸ் சேலையை விரித்துப் பிடித்து விளக்கினார். நான் கையை உயர்த்தினேன்.

"மிஸ், அந்த எறும்பு எதுக்கு?"

"அது நம்ம மலைநாட்டுப் பெண்களோட உழைப்பும்மா."

"அப்போ இந்த ரெண்டு மட்டும் ஏன் கீழ எறங்குது?"

"அது... வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போறவங்க."

கைதட்டல் வேறு! என் சோம்பேறித்தனத்துக்கு இப்படி ஒரு தத்துவமா? வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சபை திரும்பிப் பார்த்தது. அப்போதுதான் உம்மா எழுந்து நடந்து வந்து, சேலைக்குப் பக்கத்தில் துணியை விரித்தார். பின்னாலிருந்த தாளை நான் சத்தமாக வாசித்தேன்.

"பிழை: கோமதியின் சாண் சிறியது. திருத்தம்: எறும்பு. கடைசி இரண்டும் கோமதியின் புத்தி போல் எதிர்த்திசையில். வரைந்தவர்: ருஷ்தா." அதன் கீழே சிவப்பு மையில் 'நன்று' என்று எழுதி மிஸ்ஸே கையெழுத்துப் போட்டிருக்கிறார். எத்தனையோ தாளில் போட்டவர், இதை மறந்துபோனார்.

"அந்தப் புள்ளையோட ஞாபகமாத்தான் செஞ்சேன்" என்று மிஸ் அழுதார்.

"ஞாபகமா செஞ்சா பேரு எங்க மிஸ்?"

கல்லூரி அதிபரே எழுந்து வந்து அட்டையை மாற்றச் சொன்னார். பேனாவை நான் நீட்டினேன். மிஸ் 'மறைந்த மாணவி ருஷ்தா' என்று எழுதினார். அதை வாங்கிக் கிழித்துவிட்டு வேறு அட்டை கொடுத்தேன். "மறைந்தன்னு போட வேணாம் மிஸ். ஒங்க பேரு இருந்தப்ப அதுக்கு முன்னால ஒண்ணும் போடலயே." மிஸ் உன் பெயரை மட்டும் எழுதினார். எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை.

மிஸ் திருப்பிக் கொடுத்த வரைபுத்தகம் இப்போது உம்மாவிடம். சேலை கடைக் கண்ணாடியில் இல்லை. போதும், மன்னித்துவிடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். நீ என்ன சொல்வாய்? நீயும் அதைத்தான் சொல்வாய், உன் குணம் எனக்குத் தெரியும். ஆனால் கேட்க மாட்டேன். நீ உயிரோடிருந்தால் அந்தத் துணியைத் தொட அவருக்குத் துணிச்சல் வந்திருக்குமா? அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இறுதிச் செயற்திட்டத்துக்கு உன் சாதிக்காயை நான் முடிக்கிறேன். உன் பெயர் முதலில், என் பெயர் அடியில். எத்தனை முழம் அச்சிட்டாலும் சாணால்தான் அளப்பேன், வெள்ளை விழும், எறும்பு ஏறும். ஒன்பது மேலே, இரண்டு கீழே. இது சத்தியம், ராத்தா.

உன் தங்கச்சி,
கோமதி